கல்வீட்டின் மேற்குச் சுவர்

பவளத்தின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுவோம். கொப்புளங்கள் உடைந்துவிட்டன. காய்ச்சல் இல்லை. ஆனால் பாதத்தை இன்னும் முழுதாக ஊன்ற முடியவில்லை. தென்னேரியில், தாய் வீட்டில் இருக்கிறாள்.

போன வாரம் மழையில் நடந்தது அது. கொதிக்கிற குழம்புச் சட்டியோடு சமையல் கொட்டகையிலிருந்து வீட்டைச் சுற்றி வந்தவள், மூலைப் பாசியில் வழுக்கி விழுந்தாள். குழம்பு வலது காலில் கொட்டியது. உள்ளே சாப்பிட உட்கார்ந்திருந்த வரதன் ஓடி வந்து மனைவியைத் தூக்கினான். தூக்கிக்கொண்டே, பார்த்து வரக்கூடாதா என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பவளம், வீடு இருக்கிற திருப்புலிவனத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. தென்னேரிக்குப் போக வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நாளைக்குப் படையல்.

மகள் அம்முலுவைப் பெருநகரில் சேட்டு என்பவரின் மகனுக்கு நிச்சயம் செய்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்காமல் அந்த வீட்டில் எதுவும் நடந்ததில்லை. குடும்பத்தில் எப்போதோ சுமங்கலியாகச் செத்துப்போன பெண்தான் பூவாடைக்காரி. அவளுக்குப் புடவையும் பூவும் வைத்துக் கும்பிட வேண்டியவள் வீட்டின் மருமகள். பாஞ்சாலி வைக்கக்கூடாது. வரதனின் அக்கா அவள்; இருபத்து நாலு வயதில் தாலியை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள்.

மருமகள் இல்லாமல் படையல் இல்லை. படையல் இல்லாமல் கல்யாணம் இல்லை.

*

படையலுக்கு முந்தின நாள் விடியற்காலையில் பாஞ்சாலிதான் சமைத்தாள். சமைத்ததை அவளேதான் உள்ளே கொண்டுவந்தாள். பவளம் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சட்டி தூக்கியதில்லை; இந்த ஒரு வாரமாகவும் அம்முலுதான் தூக்கிவந்தாள். கூரை முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சாதப் பானையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மேற்கிலிருந்து தெற்கே திரும்பி, தெற்கிலிருந்து கிழக்கே திரும்பி, வாசலுக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. பானையை இறக்கி வைத்துவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றாள்.

ஊரில் அதைக் கல்லு வூடு என்றுதான் சொல்வார்கள். வரதனின் கொள்ளுத் தாத்தா பச்சமுத்து கட்டியது. சுவரெல்லாம் பாறையிலிருந்து பிளந்து எடுத்த கல், ஒவ்வொன்றும் ஒரு ஆள் நீளம். தூண் கல், தூணின் மேல் உத்திரம் கல், உத்திரத்தின் மேல் பாவியிருப்பதும் கல். நெல் கொட்டும் அறை, படுக்கும் மேடை, பரண்கூடக் கல்தான். நடுவில் வானம் பார்த்த சிறு முற்றம். வெளிச்சம் வருவது அதன் வழியாகத்தான். கிழக்கே ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் இருக்கும் கதவு ஒன்றுதான் மரம். அதற்கும் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு அடித்திருந்தது.

எரிகிற பொருள் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்று பச்சமுத்து வைத்த ஏற்பாடு அது. முன்பு இருந்த ஓலை வீட்டில் நெருப்புப் பிடித்து அவருடைய முதல் மனைவி செத்துப்போனாள். அவள்தான் பூவாடைக்காரி. அதனால் வீட்டுக்குள் அடுப்பு கிடையாது, விளக்குகூடக் கிடையாது. அவளுடைய படையலில் கற்பூரம் ஏற்றமாட்டார்கள். கரண்டு வந்தபோது மட்டும், அது நெருப்பில் சேராது என்று வரதன் ஒரு பல்பு போட்டுக்கொண்டான்.

அடுப்பும் கிணறும் வீட்டுக்குப் பின்னால், மேற்கே. வாசலோ கிழக்கே. இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் வருஷம் வரை அந்த வீட்டுப் பெண்கள் சோறும் தண்ணீரும் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றி வந்தபடியே இருந்தார்கள். மேற்குச் சுவரில் ஒரு கதவு வையுங்கள் என்று பவளம் பல தடவை கேட்டுவிட்டாள். மேற்குச் சுவரில்தான் பூவாடைக்காரியின் மாடம் இருக்கிறது, அங்கே கை வைக்க முடியாது என்பதே வரதனின் பதில். பாஞ்சாலியும் தம்பி பக்கம்தான் பேசினாள். நான் தூக்கின மாதிரி அவளும் தூக்கட்டும் என்று அவள் நினைத்ததுண்டு. வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்று கதவில் சாய்ந்து நின்றபோது, அப்படி நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அம்முலுவிடம் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் தென்னேரிக்குப் புறப்பட்டாள்.

*

பவளத்தின் தாய் கோவிந்தம்மாள் காபி கொடுத்தாள். குறை சொல்லும் விதமாக எதுவும் பேசவில்லை. மகளும் நாத்தனாரும் தனியாகப் பேசட்டும் என்று மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விட்டாள்.

பவளம் மடித்த சாக்கின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் மருந்து மஞ்சளாகக் காய்ந்திருந்தது. பாஞ்சாலி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படையலைப் பற்றிச் சொன்னாள். பெருநகர்காரர்கள் நாளைக் காலை வருகிறார்கள், அவர்கள் முன்னால் மருமகள் இல்லாமல் என்ன பதில் சொல்வது என்று கேட்டாள்.

“வரமாட்டேன்னு சொல்லல அண்ணி. எம்பொண்ணு கல்யாணத்துக்கு வராம நான் எங்க போவப்போறேன்? ஆனா அந்த வூட்ட சுத்திகினு இனிமே நான் சட்டி தூக்கமாட்டேன்.”

“அது சாமி எடம் பவளம்.”

“அந்த எடத்த தெனம் பெருக்கறது நான்தான?” என்றாள் பவளம். குரலில் கோபம் இல்லை. “அந்த மாடத்துக்குள்ள கீற கல்ல நீங்க பாத்துகீறீங்களா? வூடு பூரா ஆள் நீளக் கல்லு. அங்க மட்டும் சின்னச் சின்னதா, கைக்குக் கெடச்சத வெச்சி அடுக்கின மாதிரி கீது. ஏன்னு உங்க தம்பியக் கேட்டேன். கல்யாணமான புதுசுல ஒரு வாட்டி, அம்முலு வயித்துல இருக்கறப்ப ஒரு வாட்டி. ரெண்டு வாட்டியும் எழுந்து வெளிய போயிட்டாரு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுவாரு இல்ல?”

அந்த வீட்டில் பிறந்தவள் பாஞ்சாலி. மாடத்துக்கு முன்னால் எத்தனையோ முறை விழுந்து கும்பிட்டிருக்கிறாள். அதன் கல் பெரிதா சிறிதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

நாளைக்குள் வந்துவிடு என்று இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தவள், பவளத்தின் காலருகே கிடந்த துணியை நேராக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

*

திருப்புலிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, குளத்துப் படிக்கட்டில் இருசப்பன் வேலை செய்துகொண்டிருந்தான். பாறையில் கல் உடைப்பவன், சரிந்த படிகளைச் சீர் செய்ய வந்திருந்தான். பாஞ்சாலி அவனை வீட்டுக்கு வந்து ஒரு சுவரைப் பார்க்கச் சொன்னாள். எந்தச் சுவர் என்று தெரிந்ததும் அவன் தயங்கினான். சாமியைத் தொட வேண்டாம், பார்த்தால் போதும் என்று சொல்லி அழைத்துவந்தாள்.

மேற்கு அறையில் பகலிலும் இருட்டு. அம்முலு டார்ச் லைட் பிடித்தாள். சுவரில் வாசல் அளவுக்கு உயரமாக, ஒரு சாண் ஆழத்துக்கு உள்வாங்கியிருந்தது மாடம். அடியில் மஞ்சள் பூசிய மூன்று கற்கள். இருசப்பன் தள்ளி நின்றபடியே மேலும் கீழும் பார்த்தான். வெளிச்சத்தை மாடத்தின் மேல் பக்கம் திருப்பச் சொன்னான். அங்கே குறுக்காக ஒரே நீளமாக ஒரு கல் போயிருந்தது. அதன் அடிப்பக்க மூலையில், வெளியே துருத்திய இடத்தில், வட்டமாகச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. அவன் நெருங்கி வந்து, கையை எட்டி நகத்தால் சுரண்டினான். சுண்ணாம்பு பொடியாக உதிர்ந்தது. உள்ளே விரல் நுழைந்தது.

“குடுமிக் குழிம்மா இது. கதவோட குடுமி நிக்கற குழி,” என்றான். “விரல வுட்டுப் பாருங்க, தேஞ்சி வழுவழுன்னு கீது. இங்க கதவு இருந்துகீது. ரொம்ப நாளு தொறந்து மூடிகினு இருந்துகீறாங்க. அப்பாலதான் கல்லு வெச்சி அடச்சிகீறாங்க.”

அம்முலு அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பாஞ்சாலி இரும்பு நாற்காலியின் மேல் ஏறி நின்று குழிக்குள் விரலை விட்டாள். அது அவன் சொன்னபடியே இருந்தது.

அடைத்த கல்லை எடுத்தால் வீட்டுக்கு ஏதாவது ஆகுமா என்று இறங்கியதும் கேட்டாள். பாரத்தை மேல்கல் தாங்குகிறது, ஒன்றும் ஆகாது, சாமி உத்தரவு கொடுத்தால் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்றான் இருசப்பன். சொல்லிவிட்டு, சாமி உத்தரவு இல்லாமல் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

*

வரதன் கழனியிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். சோறு போட்டிருந்தது. பாஞ்சாலி எதிரில் உட்கார்ந்தாள். பவளம் வரவில்லையா என்று அவன் கேட்டான்.

“மேக்கால ஒரு வாசல் இருந்துகீது,” என்றாள் பாஞ்சாலி. “அத அடச்சது யாரு?”

வரதன் பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்து வெளியே போவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

“நைனா சாவறதுக்கு முன்னாடி சொன்னாரு,” என்றான் கடைசியில்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“பொம்பளைங்க காதுல போடக்கூடாதுன்னாரு. அவரு அப்பா அவருகிட்ட அப்படித்தான் சொல்லிகீறாரு.”

அக்காவுக்குக் கோபம் வரும் என்று அவன் நினைத்தான். அவளுக்கு வந்தது கோபம் அல்ல. இந்த வீட்டில் பிறந்து ஆயுசில் பெரும்பகுதி இங்கேயே இருந்தவள் நான், என்னைவிட இந்தச் சுவர்களுக்கு யார் நெருக்கம் என்று அவளுக்குள் ஒரு எண்ணம் இருந்து வந்தது. அந்த எண்ணம் பொய் என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது.

“எனக்கு அப்பால சொல்லு,” என்றாள். “மொதல்ல அவகிட்ட போய்ச் சொல்லு. கேட்டவ அவதான். கால்ல கொட்டிகினவளும் அவதான்.”

வரதன் தட்டை எடுத்தான். கழுவும் இடம் பின்னால், கிணற்றடியில். தட்டோடு வாசலைத் தாண்டி இறங்கி, மழையில் நனைந்துகொண்டே வீட்டைச் சுற்றிப் போனான். பாஞ்சாலி தடுக்கவில்லை. திரும்பி வந்தவன் வேட்டி மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டான்.

*

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்றே அவன் யோசித்தான். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியபோது, திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. கெட்டவன் அல்ல வரதன். மனைவியைக் கை நீட்டி அடித்தவன் அல்ல. அவள் சட்டி தூக்கி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு உள்ளே ஏதோ உறுத்தும். அந்த உறுத்தலைத் தாங்க முடியாமல்தான் பார்த்து வரக்கூடாதா என்று கேட்பான். கதவு வைத்தால், முதலில் இருந்த கதவு என்ன ஆயிற்று என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து இருபது வருஷம் ஓட்டிவிட்டான்.

கோவிந்தம்மாள் மாப்பிள்ளையை வாங்க என்று கூப்பிட்டுச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவளுடைய ஓட்டு வீட்டில் முன்வாசலும் பின்வாசலும் திறந்து கிடந்தன. ஏரிக்காற்று ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் போய்க்கொண்டிருந்தது. பின்வாசல் படியில் பவளம் உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். தேவலை என்றாள்.

“அந்த மாடத்தப் பத்தி கேட்ட இல்ல,” என்று ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு அவன் சொன்னது இது.

பச்சமுத்து சந்தேகக்காரர். வெளியூர் போகும்போதெல்லாம் மனைவியை உள்ளே விட்டு வெளியே பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போவார். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். யாரும் கேட்கவில்லை. ஒரு ஆடி மாதம், காற்று நாளில், அவர் காஞ்சிபுரம் போயிருந்தபோது ஓலைக் கூரையில் நெருப்புப் பிடித்தது. அடுப்பிலிருந்து வந்ததா, வெளியிலிருந்து பறந்து வந்ததா என்று யாருக்கும் தெரியாது. ஜனங்கள் ஓடி வந்தார்கள். கதவில் பூட்டு. உள்ளேயிருந்து அவள் கத்திக்கொண்டிருந்தாள். பூட்டை உடைப்பதற்குள் கூரை உள்ளே சரிந்துவிட்டது.

அடுப்பைக் கவனிக்காமல் விட்டுச் செத்தாள் என்று பிற்பாடு வீட்டுப் பெண்களுக்குச் சொன்னார்கள். பூட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

பச்சமுத்து அதன் பிறகு பல மாதம் யாரோடும் பேசவில்லை. பேசத் தொடங்கியபோது, கல்லில் வீடு கட்டப்போகிறேன் என்றார். வண்டி வண்டியாகப் பாறை வந்தது. வருஷக்கணக்கில் வேலை நடந்தது. எரியாத வீடு, இரண்டு வாசல் உள்ள வீடு. மேற்கு வாசலுக்குத் தாழ்ப்பாளே வைக்கக்கூடாது என்று கல்வேலைக்காரர்களிடம் சொன்னாராம்.

வீடு முடிந்ததும் இரண்டாம் கல்யாணம். செங்கேணி. வரதனின் வம்சம் அவள் வழி வந்ததுதான். சில வருஷம் அந்த மேற்கு வாசல் வழியாகத்தான் அவள் கிணற்றுக்கும் அடுப்புக்கும் போய்வந்தாள். ஒருநாள் நடுப்பகலில் பச்சமுத்து வீட்டுக்கு வந்தபோது, கிணற்றடியில் அவள் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். யார் என்று சொல்வாரில்லை. ஒரு வேளை மாடு மேய்க்கும் பையனாக இருக்கலாம், அவளுடைய தம்பியாகவே இருக்கலாம். அடுத்த வாரம் கல்வேலைக்காரர்கள் திரும்பி வந்தார்கள்.

அடைத்தால் மட்டும் போதாது, நாளைக்கு எவனாவது திறப்பான் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. முதல் மனைவிக்கு வேப்பமரத்தடியில் மூன்று கல் நட்டு வைத்திருந்தார்கள். அவற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து அடைத்த வாசலின் அடியில் நட்டார். அன்று முதல் அது பூவாடைக்காரி இடம். அதன் பிறகு அங்கே கை வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

சொல்லி முடித்ததும் வரதன் தலையைக் குனிந்துகொண்டான்.

பவளம் பின்வாசலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாள் கட்டிய மாடு வைக்கோலை இழுக்கும் சத்தம் கேட்டது.

“பூட்டுக்குள்ள செத்தவளக் கொண்டாந்து, இன்னொருத்திக்குக் காவலுக்கு வெச்சிகீறாங்க,” என்றாள். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். அவளுக்குக் கண் கலங்கியது. நாற்பது வயதுப் பெண், இதுவரை மாடத்தின் முன்னால் எனக்கு அதைக் கொடு இதைக் கொடு என்று கேட்டதையெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

பிறகு கேட்டாள், செங்கேணி ஒன்றும் சொல்லவில்லையா, கதவு வேண்டும் என்று கேட்டாளா என்று. வரதனுக்கு அது தெரியவில்லை. அவனுக்குச் சொன்னவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

“இருசப்பன் வந்து பாத்துட்டுப் போயிருக்கான்,” என்றான். “படையல் முடிஞ்சதும் தொறந்துடலாம் பவளம். நீ கெளம்பு.”

“தொறங்க. ஆனா அத மட்டும் தொறந்தா போதாது.” அவள் அவன் பக்கம் திரும்பினாள். “நாளைக்குப் படையல்ல, பூ வைக்கறதுக்கு முன்னாடி, இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்லணும். பெருநகர்காரங்க எதிர்ல சொல்லணும்.”

வரதன் திடுக்கிட்டான். சம்பந்தி வீட்டார் எதிரில் சொல்லக்கூடிய விஷயமா அது என்று கேட்டான். பெண்ணைப் பூட்டி வைத்த குடும்பம், எரிந்து செத்தவள் இருக்கிற வீடு என்று அவர்கள் பின்வாங்கிவிட்டால் அம்முலுவின் கதி என்ன என்று கேட்டான். கல்யாணமானதும் வேண்டுமானால் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான்.

அந்தப் பயம் பவளத்துக்கும் இருந்தது. பெருநகர்ப் பையனை அம்முலுவுக்குப் பிடித்திருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

“கல்யாணம் நின்னா நிக்கட்டும்னு சொல்ல எனக்கும் வாய் வரல,” என்றாள். “ஆனா நம்ம பொண்ணு கல்யாணமாயி அவங்க வூட்டுக்குள்ள போவப்போறா. இதக் கேட்டுட்டு அவங்க இன்னா சொல்றாங்கன்னு எனக்குப் பாக்கணும். யாரு ஐயோ பாவம்னு சொல்றாங்க, யாரு எழுந்து போறாங்க, அத அவ போறதுக்கு முன்னாடி பாக்கணும். அப்பால பாத்து என்னாத்துக்கு?”

வரதன் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பவளமும் வற்புறுத்தவில்லை. உள்ளே பார்த்து, தன் துணிமூட்டையை எடுத்து வரும்படி தாயிடம் சொன்னாள்.

கோவிந்தம்மாள் பஸ் நிற்குமிடம் வரை கூட வந்தாள். மூட்டையை வரதன் எடுத்துக்கொண்டான். பவளம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நடந்தாள். தெருவில் நாலு பேர் பார்க்க அவர்கள் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அவன் அவளுக்காக மெதுவாக நடந்தான்.

பஸ்ஸில் உட்கார்ந்து வாலாஜாபாத்தைத் தாண்டிய பிறகுதான் வரதன் வாயைத் திறந்தான்.

“எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல,” என்றான் மெதுவாக.

“அவங்க பேரு இன்னா?” என்று பவளம் கேட்டாள். “பூவாடைக்காரி, பூவாடைக்காரின்னே கும்பிட்டுகினு கீறோம். பேருன்னு ஒண்ணு இருக்கும் இல்ல?”

“எல்லம்மா.”

“அந்தப் பேர்ல ஆரம்பிங்க.”

*

உத்திரமேரூரில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. பவளத்தை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, அவள் காலில் யாரும் மிதித்துவிடாதபடி மூட்டையைக் குறுக்கே வைத்தான் வரதன்.

பஸ் கிளம்பும் நேரத்தில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் ஓடி வந்து ஏறினார். கையில் மூங்கில் தட்டு, அதன்மேல் பாலிதீன் காகிதம் சுற்றியிருந்தது. வேறு யாருமல்ல, பெருநகர் சேட்டு.

வரதனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நாளைக் காலை ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் பஸ் நின்றுவிடும் என்று சொன்னார்களாம். அதனால் படையல் புடவையோடு தான் மட்டும் இன்றைக்கே புறப்பட்டு வந்துவிட்டதாகவும், வீட்டுக்காரர்கள் முடிந்தால் காலையில் வருவார்கள் என்றும் சொன்னார். பவளத்தின் காலைப் பார்த்து என்னம்மா ஆயிற்று என்று விசாரித்தார். சட்டி கொட்டிவிட்டது என்றாள் பவளம். அவர் உச்சுக்கொட்டி வருத்தப்பட்டார்.

எதிர் சீட்டில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பாலிதீனை விலக்கிப் புடவையைக் காட்டினார்.

“மஞ்சளா செவப்பான்னு எம்பொண்சாதிக்கு ஒரே கொழப்பம். கடசியில ரெண்டும் கலந்ததா எடுத்துட்டா,” என்றார். “ஆமா சம்பந்தி, கும்பிடறோமே, அந்தம்மா யாரு, எப்படிப் போனாங்கன்னு எங்களுக்குத் தெரியல. வூட்டுல கேட்டா சொல்லணும் இல்ல. சொல்லுங்க, கேட்டுகினே போலாம்.”

பஸ் நகர்ந்தது. வரதன் மனைவியைப் பார்த்தான். பவளம் அவனைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, மழையில் பின்னால் போகிற கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பத்துப் பேர் நடுவில் என்று அவள் கேட்டிருந்தாள். இன்றைக்கு எதிரில் இருப்பது ஒரே ஒரு மனிதர், மடியில் புடவையோடு.

வரதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“எல்லம்மான்னு ஒருத்தி இருந்தா,” என்றான்.

சேட்டு நன்றாகக் கேட்பதற்காக முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.